சாணி வண்டு செய்த மருந்துச் சோதனை

பருத்திக் காட்டு ஓரத்தில் திரவியம் என்று ஒரு சாணி வண்டு இருந்தது. கருகருவென்று உடம்பு. தட்டினால் டொக்கென்று சத்தம் வரும் ஓடு. அந்த ஓட்டின் மேல் அதற்கு அப்படி ஒரு பெருமை! "என்னை மாடு மிதிச்சா மாட்டுக்குத்தான் கால் வலிக்கும்!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்.

அந்த வருஷம் காட்டுக்காரர் மரபணு மாற்றிய பருத்தி விதையைப் போட்டிருந்தார். களைக்கொல்லி அடித்தாலும் அந்தப் பருத்திக்கு ஒன்றும் ஆகாதாம். சுற்றி முளைத்த களை மட்டும் கருகிப் போகுமாம். ஒரு நாள் காலையில் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். காடு, வரப்பு என்று பாராமல் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

பூச்சிகள் எல்லாம் பதறியடித்துக்கொண்டு கூடிவிட்டன.

"ஐயையோ, என்ன நெடி இது! இனிமே இங்கே இருக்கலாமா, மூட்டையைக் கட்டணுமா?" என்று ஆளாளுக்குக் கத்தின.

"யாராவது சோதிச்சுப் பார்த்தாத்தானே தெரியும்?" என்றது சங்கிலி என்ற வெட்டுக்கிளி. சொன்ன கையோடு மெதுவாகப் பின்னால் நகர்ந்துகொண்டது.

திரவியத்துக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? "நான் எதுக்கு இருக்கேன்!" என்று முன்னால் வந்தது. மருந்து சொட்டிக்கொண்டிருந்த ஒரு பருத்தி இலையில் ஏறியது. இந்தப் பக்கம் புரண்டது, அந்தப் பக்கம் புரண்டது. கல்யாண மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மாதிரி ஆற அமரக் குளித்தது. பிறகு கீழே இறங்கி, வெயிலில் மல்லாந்து படுத்து, அப்படியே தூங்கிவிட்டது.

பார்த்தவர்களுக்குப் பகீரென்றது. "போச்சே! எங்க அண்ணாச்சி போயிட்டாரே!" என்று சங்கிலி ஒப்பாரி வைத்தது. தேனீக்களும் சேர்ந்துகொண்டன.

சத்தத்தில் திரவியத்துக்கு முழிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நாலு நல்ல வார்த்தை காதில் விழட்டும் என்று அசையாமல் கிடந்தது. "தற்பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி நல்ல வண்டு" என்று சங்கிலி தொடங்கியதும்தான் துள்ளி எழுந்தது.

"யாருடா செத்தது? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்! பாருங்க, இந்தப் பருத்தி இலைகூட வாடலை. இது மருந்தே இல்லை, பன்னீர்! சோதனை முடிஞ்சுது. எல்லாரும் நிம்மதியா இருங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். திரவியம் இலை தின்னாது, அது தின்பது எருமைச் சாணி என்பது அங்கே யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. திரவியத்துக்கே தோன்றவில்லை!

அப்போது செவ்வந்தி என்ற வண்ணத்துப்பூச்சி தயங்கித் தயங்கி வந்தது. முட்டை வைக்கிற நேரம் அதற்கு. இறக்கை ஓரம் வேறு கிழிந்திருந்தது.

"அண்ணாச்சி, என் பிள்ளைங்க எருக்க இலையைத் தவிர வேற எதையும் வாயில வைக்காது. இந்த வரப்பு எருக்குல முட்டை வைக்கட்டுமா? இல்லை, பாதையைத் தாண்டிக் கண்மாய்க்கரை எருக்குக்குப் போகட்டுமா? ரொம்ப தூரம், ஆனா போயிடுவேன்."

திரவியம் அந்த எருக்கஞ்செடியை ஒரு தடவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் குளிச்ச மருந்து தாயி அது! தாராளமா இங்கேயே வை!" என்றது.

செவ்வந்தி நம்பி வைத்தது.

முட்டைகள் பொரிந்தன. கோடு கோடாய்க் குட்டிப் புழுக்கள் இலையைக் கடித்தன. ஆனால் எருக்கு அதற்குள் மஞ்சளாகியிருந்தது. பிறகு தொங்கியது. பிறகு சருகாகிவிட்டது. பருத்தி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் பச்சைப்பசேலென்று நின்றது.

"அண்ணாச்சி! பிள்ளைங்க பசியில துடிக்குதுங்க!" என்று செவ்வந்தி அலறிக்கொண்டு வந்தது.

திரவியம் ஓடிப்போய்ப் பார்த்தது. சில புழுக்கள் சருகோடு சருகாகக் காய்ந்து கிடந்தன. மருந்து அவற்றைக் கொல்லவில்லை. சோற்றைக் கொன்றிருந்தது.

"சோதனை செஞ்சேனாம், பெரிய சோதனை!" என்று தலையில் அடித்துக்கொண்டது திரவியம். "என் ஓட்டைத்தான் சோதிச்சேன் தாயி. ஓடு நல்லாத்தான் இருக்கு. அதை வெச்சு உன் பிள்ளைங்க என்ன பண்ணும்?"

"புலம்பினது போதும் அண்ணாச்சி! மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துங்க!"

திரவியம் பரபரவென்று யோசித்தது. "எல்லாத்தையும் ஒரு சாணி உருண்டைக்குள்ள வெச்சு உருட்டிக்கிட்டே..."

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா!" என்று கத்தியது சங்கிலி. "நசுங்கிப் போயிரும்! முதுகுல ஏத்துங்க!"

அப்படியே ஏற்றினார்கள். புழுக்கள் முதுகை இறுகப் பற்றிக்கொண்டன. வண்டிப்பாதையின் குறுக்கே, சுடுமண்ணில், திரவியம் மெல்ல மெல்ல நடந்தது. பாதி வழியில் ஒரு புழு கீழே விழுந்தது. திரும்பிப்போய் அதையும் ஏற்றிக்கொண்டது. "ஆராய்ச்சியாளர் திரவியம் பிள்ளைத்தாய்ச்சி நடை நடக்கிறாரு, வழி விடுங்க!" என்று தன்னைத்தானே கேலி பேசிக்கொண்டே போனது. அழுகை வந்துவிடக்கூடாதே என்றுதான் அந்தக் கேலி.

கண்மாய்க்கரை எருக்கில் கால் வைத்ததும் புழுக்கள் நறுக் நறுக்கென்று தின்ன ஆரம்பித்தன. திரவியம் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே உட்கார்ந்தது.

"எல்லாரும் வரலையே அண்ணாச்சி" என்றது செவ்வந்தி.

திரவியத்தால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஆமா தாயி. நீ என்னைக் கேக்காம இங்கேயே வந்திருந்தா, எல்லாரும் இருந்திருப்பாங்க" என்றது.

அடுத்த மழை பெய்து களை முளைத்ததும், காட்டுக்காரர் வேறொரு புது மருந்தோடு வந்தார். பூச்சிகள் நேரே திரவியத்திடம் ஓடின. "அண்ணாச்சி, நீங்கதான் குளிச்சுப் பார்த்துச் சொல்லணும்! இது நல்லதா, கெட்டதா?"

திரவியம் வாயைத் திறந்தது. பழக்க தோஷம், முதுகுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு அது தலையைக் குனிந்துகொண்டு, பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னது.

"எனக்குத் தெரியாது. இலை தின்கிறவங்க, தேன் குடிக்கிறவங்க எல்லாரும் கண்மாய்க்கரைக்குப் போயிருங்க. செடி வாடுதா, தளிர் விடுதான்னு நான் இங்கேயே இருந்து பார்க்கிறேன். பார்த்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் ஒருத்தரும் இங்கே முட்டை வைக்கவேண்டாம்."

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. ஆனால் எல்லாரும் கிளம்பினார்கள்.

தன் உடம்பு தாங்கியதை வைத்து அது ஊருக்கே நல்லது என்று சொல்லிவிடக் கூடாது. தாங்க முடியாதவர்களுக்கு என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் சோதனை.