சந்தனப் பொட்டும் இரண்டு டீயும்

திருட்டு அலாரம் திருடனுக்காகச் செய்யப்பட்டது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிழை இத்தனை காலம் திருத்தப்படாமல் நீடித்தது வருந்தத்தக்கது. திருடன் யார் என்பது அலாரத்துக்குத் தெரியாது. ஏதோ அசைகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

பல்லியும் அசைகிறது.

தென்காசியில் பூவலிங்கத்தின் துன்பம் இங்கேதான் தொடங்கியது.

மில் வேலையில் ஓய்வு பெற்று வந்தவர், கையில் கிடைத்த பணத்துக்கெல்லாம் விற்பதற்கென்று அலாரப் பெட்டிகளை வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டார். கட்டிலுக்கு அடியில் பெட்டி. அரிசி டின்னுக்கு மேல் பெட்டி. மாட்டியிருந்தது ஒரே இடத்தில்தான்: ஆறுமுகநயினார் பாத்திரக்கடையில். அங்கே நிலைத்தால் தெருவே அவருடையது. கழன்றால், மிச்ச ஆயுளைப் பெட்டிகளோடு கழிக்க வேண்டியதுதான்.

அவர் உலகம்மாளிடம் ஓடினார்.

உலகம்மாள் அடுத்த தெருவில் வெகுகாலமாக அலாரம் மாட்டுகிறவர். பூவலிங்கத்தைவிட இளையவர். ஆனாலும் பூவலிங்கம் அவரை "அக்கா" என்றார். அவர் பூவலிங்கத்தை "அண்ணாச்சி" என்றார். இருவரில் மூத்தவர் யார் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

"அக்கா, திருடன் வராமலே அடிக்குது."

"திருடன் வந்தா அடிக்குமா?"

"அடிக்கும்."

"அப்ப நல்ல மிஷின்தான்."

"பல்லி வந்தாலும் அடிக்குதேக்கா."

"ரொம்ப நல்ல மிஷின்."

பூவலிங்கம் தலையைச் சொறிந்தார். பிறகு விவரமாகச் சொன்னார்.

பாத்திரக்கடைத் தெருவில் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவது வழக்கம். முழுதாக இறக்கினால் கடை நொடித்துவிட்டதாக ஊர் பேசும். நயினார் முதலாளியும் அலாரத்தைப் போட்டுவிட்டு, பாதி இறக்கிவிட்டுப் போவார். அவர் ரசத்துக்கு வரும்போது பல்லி அலாரத்தின் கண்ணுக்கு வரும். சைரன் ஊளையிடும். முதலாளி சோற்றுக் கையோடு ஓடி வருவார். தெரு சிரிக்கும்.

"பல்லியை விரட்டலாமே?"

"முட்டை ஓடு கட்டிப் பார்த்தேன். அதுக்குப் பக்கத்துலயே படுத்துக்கிச்சு. மயிலிறகு கட்டினேன். இறகு ஆடினதுக்கும் அடிச்சுது. பல்லியை அடிக்கவும் விட மாட்டேங்காரு முதலாளி. அந்தப் பல்லி சொன்ன வாக்கு தப்பினதே இல்லையாம்."

"மிஷின் சொன்ன வாக்கு?"

"அதுதான் ஒருநாளும் பலிக்கலையே. ஆயுதபூஜை வரைக்கும் பார்ப்பாராம். அப்புறம் கழற்றி என் கையிலயே குடுத்துருவாராம். நான் என்ன செய்ய?"

உலகம்மாள் கையை நீட்டித் தம் கடைச் சைரனின் பித்தானை அழுத்தினார்.

அது அலறியது. பூவலிங்கம் காதைப் பொத்திக்கொண்டார். தெருவில் போன ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் எதிர் டீக்கடைக்காரர் இரண்டு டீயோடு உள்ளே வந்தார். வைத்தார். போனார்.

"இதுதான் பதிலாக்கா?"

"ஆறுது, குடிங்க."

பூவலிங்கம் குடித்தார். டீ நன்றாக இருந்தது. வேறு எதுவும் விளங்கவில்லை.

பொறுமையாக இரு என்பதுதான் பொருள் என்று வழியில் முடிவு செய்தார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த முடிவும் கலைந்துவிட்டது.

ஆயுதபூஜை வந்தது.

நயினார் முதலாளி தராசுக்குப் பொட்டு வைத்தார். கல்லாப்பெட்டிக்கு வைத்தார். ஷட்டருக்கும் ஏணிக்கும் வைத்தார். ஏணியில் ஏறி, அலாரத்துக்கும் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் ஒற்றினார். பூவலிங்கம் கீழே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அலாரம் அடிக்கவில்லை.

"வேய் பூவலிங்கம்! உம்ம மிஷினுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. வாயே திறக்கலை பாரும்!" என்றார் நயினார் முதலாளி. சொன்னதோடு நிற்கவில்லை. தெரு முழுக்கச் சொன்னார். இரும்புக்கடையிலிருந்து கேட்டார்கள். ஜவுளிக்கடையிலிருந்து கேட்டார்கள். "நயினார் கடையில இருக்கே, சத்தம் போடாத அலாரம், அதே மாதிரி ஒண்ணு" என்று கேட்டார்கள்.

பூவலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. பிறகு வேறு காரணத்தால் வரவில்லை.

காலையில் போய் அலாரத்தைப் போட்டுவிட்டு அதன் முன் நின்றார். கையை ஆட்டினார். குதித்தார். துண்டைச் சுழற்றிக் கொஞ்சம் ஆடியும் பார்த்தார். சைரன் மௌனம் காத்தது.

ஏணியில் ஏறிப் பார்த்தார்.

மனிதனுக்குப் பொட்டு இரண்டு கண்ணுக்கும் நடுவே வைக்கப்படுகிறது. அலாரத்துக்கு இருப்பது ஒரே கண். முதலாளி அதன் மேலேயே வைத்திருந்தார். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

பூவலிங்கம் உலகம்மாள் கடைக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"அக்கா, முதலாளி மிஷின் கண்ணுலயே பொட்டு வச்சுட்டாரு. துடைச்சா அடிக்கும். தெருவே போயிரும்."

"துடைக்க வேண்டாம்."

"துடைக்காட்டா அது குருட்டுப் பெட்டியாச்சே. காவலே இல்லையேக்கா."

"அப்ப துடைச்சிருங்க."

"துடைச்சா பல்லி!"

"முன்னால அது அடிச்சப்ப யாரு வந்தா?"

"முதலாளி வந்தாரு. சோத்துக் கையோட."

"அப்புறம்?"

"அப்புறம் அவரும் வரலை. சாப்பிட்டு முடிச்சுட்டே வந்தாரு."

"அப்ப காவல் எப்பப் போச்சு அண்ணாச்சி?"

பூவலிங்கம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியலக்கா. துடைக்கவா, வேண்டாமா? ஒரே வார்த்தை சொல்லுங்க."

உலகம்மாள் சைரனை அழுத்தினார்.

எதிர்க்கடைக்காரர் இரண்டு டீயோடு வந்தார்.

பூவலிங்கம் டீயைப் பார்த்தார். டீ கொண்டுவந்தவரைப் பார்த்தார். மறுபடியும் டீயைப் பார்த்தார்.

குடிக்காமலே எழுந்து போனார்.

நயினார் கடைக்கு எதிரே மந்திரமூர்த்தியின் டீக்கடை. பூவலிங்கம் நேரே அங்கே போய் நின்றார்.

"மந்திரம், எதிர்க்கடைச் சைரன் அடிச்சா உடனே ரெண்டு டீ கொண்டு போகணும். என் பொறுப்பு."

"யாருக்கு அண்ணாச்சி?"

"உள்ள இருக்கிறவருக்கு."

"உள்ள யாரும் இல்லாட்டா?"

"ரெண்டையும் நீ குடி."

மந்திரமூர்த்தி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வெயில்ல அலையாதீங்க அண்ணாச்சி" என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

பிறகு பூவலிங்கம் ஈரத்துணியோடு ஏணியில் ஏறினார்.

"வேய்! பூஜை போட்ட சந்தனத்தைத் துடைக்கிறீரே, வெளங்குமா?" என்று கீழேயிருந்து கத்தினார் நயினார் முதலாளி.

"கண்ணை மறைக்குது முதலாளி. மேல நெத்தியில வச்சுருவோம். சாமிக்கே நாம கண்ணுல வைக்கிறதில்லையே."

முதலாளி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். கூடவே கேள்வியையும் நீட்டினார்.

"பூஜையிலிருந்து இது குருடு. அப்படித்தானே?"

"ஆமா."

"இத்தனை நாளும் ஒரு கரண்டி களவு போகலை. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப உம்ம பெட்டி எனக்கு எதுக்கு?"

"எனக்கும் அதுதான் புரியலை முதலாளி."

நயினார் முதலாளி பல வியாபாரிகளைப் பார்த்தவர். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. கோபப்படுவதா என்று யோசித்து, பிறகு கோபப்பட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து கழற்றிக்கிட்டுப் போயிரும்."

அன்று மதியமே பல்லி வந்தது. சைரன் ஊளையிட்டது. மந்திரமூர்த்தி இரண்டு டீயோடு தெருவைக் கடந்து, ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே போனார். யாரும் இல்லை. இரண்டையும் குடித்துவிட்டு வந்தார். மறுநாளும் அப்படியே. இரும்புக்கடையில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஜவுளிக்கடையில் சொல்லி அனுப்பக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பூவலிங்கம் திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு மந்திரமூர்த்தியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலாளி சாப்பிட்டு வந்ததும் கழற்ற வேண்டியதுதான்.

சைரன் அடித்தது.

"பல்லிக்குக்கூட என் மேல இரக்கம் இல்லை" என்றார் பூவலிங்கம்.

மந்திரமூர்த்தி இரண்டு டீயோடு போனார். உடனே திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ஷட்டருக்கு அடியிலிருந்து அறிமுகமில்லாத ஓர் ஆள் குனிந்து வெளியே வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கிழக்கே நடந்து போனான். அவன் பின்னால் மந்திரமூர்த்தி வந்தார். இரண்டு கிளாஸும் காலி.

"யாருவே அது?"

"தெரியலை அண்ணாச்சி. பெரிய குத்துவிளக்கு ஒண்ணை இடுப்புல வச்சிருந்தாரு. உள்ள இருக்கிறவருக்குக் குடுக்கச் சொன்னீங்க, குடுத்தேன்."

"வாங்கினானா?"

"இவ்வளவு தூரம் கொண்டு வந்ததை வேண்டாம்னு எப்படிச் சொல்லுவாரு? விளக்கைக் கீழ வச்சுட்டு வாங்கினாரு. நானும் ஒண்ணைக் குடிச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை."

"ஒண்ணுமேவா?"

"சீனி கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்னாரு."

பூவலிங்கம் திருப்புளியை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

நயினார் முதலாளி வந்தார். கடையின் நட்டநடுவில் நின்ற குத்துவிளக்கைப் பார்த்தார். மந்திரமூர்த்தி சொன்னதை முழுதும் கேட்டார். கல்லாவில் போய் உட்கார்ந்தார். மேலே பல்லி வாக்கு சொன்னது. அவர் விரலால் கல்லாப்பெட்டியில் தட்டிக்கொண்டார்.

பெட்டி கழற்றப்படவில்லை.

சனிக்கிழமையிலிருந்து, சைரன் அடித்தால் முதலாளி சோற்றுக் கையோடு ஓடி வருகிறார்; மந்திரமூர்த்தி மூன்று டீ கொண்டு போகிறார். ஒன்றில் சீனி கூடுதல்.