அடங்கிய ஒட்டுண்ணிகள்

கடலோர ஊர்களில் மலேரியாவுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்துப்போன டாக்டர் அருளானந்தம், ஐம்பது வயதுக்கு மேல் ஆராய்ச்சி மாணவரானார். அவருக்கு வழிகாட்டி பேராசிரியை ரஹீமா. அவரைவிட இளையவர்.

ஒரு புது மருந்தைச் சோதிப்பது அருளானந்தத்தின் வேலை. மருந்து பட்ட மலேரியா ஒட்டுண்ணிகளிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதன் வரிசையைப் படிப்பார். எந்த மரபணு வேலை செய்கிறது, எது அடங்கிவிட்டது என்பது அதில் தெரியும். அதிலேயே வருடங்கள் ஓடிவிட்டன.

கடைசி முடிவு ஒரு மதியம் வந்தது. ஏறக்குறைய எல்லா மரபணுவும் அடங்கியிருந்தது.

"செத்துடுச்சு மேடம். அறிக்கையில எழுதிடட்டுமா? எழுதினா மருந்து நோயாளிகளுக்குப் போயிடும்."

ரஹீமா திரையைப் பார்த்தார். "இந்தச் சிலது மட்டும் லேசா தெரியுதே?"

"மிச்சம் மீதியா இருக்கும். செத்த உடனே ஆர்.என்.ஏ. அழிஞ்சிடாதே."

"இருக்கலாம்."

"முடியல மேடம். கண்ணை மூடினாலும் இந்த எண்களே ஓடுது." நாற்காலியில் சாய்ந்தார். "ஓய்ஞ்சு கிடக்குறதுக்கும் செத்துக் கிடக்குறதுக்கும் எப்படித்தான் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?"

ரஹீமா எழுந்தார். கையுறை மாட்டிக்கொண்டு ஒட்டுண்ணிகள் இருந்த குடுவையை எடுத்தார். மருந்து போகக் கழுவினார். புது ரத்தம் சேர்த்தார். இன்குபேட்டரில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"வீட்டுக்குப் போங்க டாக்டர். தூங்குங்க."

அதன்பின் தினமும் காலையில் அருளானந்தம் ஒரு சொட்டு எடுத்து, சாயமேற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது அவருக்கு நிம்மதியாக இருந்தது.

ஒரு காலையில், சிவப்பணு ஒன்றுக்குள் மெல்லிய மோதிரம் போல ஒரு வளையம் தெரிந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பக்கத்திலேயே இன்னொன்று.

ரஹீமாவை அழைத்தார். அவர் நுண்ணோக்கியில் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உயிரோட இருக்கு மேடம்."

"ஆமா."

"மருந்து தோத்துடுச்சு. இத்தனை வருஷமும் வீணா?"

ரஹீமா நிமிர்ந்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

"மருந்து வெளிய போயிருந்தா, காய்ச்சல் திரும்பி வந்து ஊருக்குத் தெரிஞ்சிருக்கும், டாக்டர். நமக்கு முதல்ல தெரிஞ்சிருக்கு."