தீக்குழிக்கு வந்த ஈரக்கட்டை

கண்ணை மூடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன் இளவேனி, யோசிச்சுப் பாரு. ஒரு பொருள் நமக்கு உதவலேன்னா, அது யாருக்குமே உதவாததுன்னு ஆயிடுமா? பதில் உடனே வேணாம். கதையைக் கேளு. நடுநடுவுல "ம்" கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு பொம்பளை. ஊருன்னா கடல் தாண்டி, மலாயா நாட்டுல, மேகம் இறங்கி வாசல்ல உக்காருற உயரத்துல ஒரு தேயிலைத் தோட்டம். அவ பேரு வீராயி. கொழுந்து பறிக்கிறவ. அவ புருஷன் சன்னாசி மேல காட்டுல ஒரு மரம் சரிஞ்சு விழுந்துடுச்சு. மடார்! கால் நொறுங்கிப் படுத்த படுக்கையாயிட்டான். அப்போ வீராயி மாரியம்மனை நினைச்சு வேண்டிக்கிட்டா: "தாயே, இவரு எழுந்து நடந்தா, உன் தீமிதிக்கு ஒரு கட்டையை என் தலையிலேயே சுமந்து வர்றேன்." அப்புறம் மழை ஓய்ஞ்சு வெயில் வந்தப்போ, சன்னாசி கோலை ஊணி டொக்கு டொக்குன்னு நடந்தே நடந்துட்டான். ம்?

அந்தத் தோட்டத்துல ஒரு வழக்கம். நேர்ச்சைக் கட்டை மேல கோடாலி படக் கூடாது. தானா விழுந்த மரமா இருக்கணும். கோயில் பண்டாரம் அதுல மஞ்சள் கயிறு கட்டிட்டா, அது அம்மனுக்குச் சொந்தம். திரும்ப எடுக்கக் கூடாது.

தீமிதி அன்னிக்குக் காலையில வீராயி காட்டோரம் போனா. மக்கிப் போயி, பாசி பூத்து, மெத்து மெத்துன்னு ஒரு கட்டை கிடந்துச்சு. தூக்கினா இலேசா இருந்துச்சு. கோயிலுக்குத் தூக்கிட்டு வந்து கொடுத்தா, பண்டாரமும் கயிறு கட்டிட்டாரு. "ஈரமா இருக்கே ஆத்தா, வெயில்ல உருட்டி வை, சாயங்காலம் நெருப்பு வைக்கிறதுக்குள்ள காயட்டும்"னாரு.

அவ பட்டையை உரிக்க உக்காந்தா. உரிச்ச இடத்துல... சரசரன்னு சத்தம் வரல, ஒரு சத்தமும் வரல. இருட்டுல இருந்து மெல்ல மெல்ல ஒரு புழு நடந்து வந்துச்சு. ஊர்ந்து இல்ல இளவேனி, நடந்து! ரெண்டு பக்கமும் குட்டை குட்டையா கால்கள், ஒவ்வொரு கால் நுனியிலயும் குட்டி நகம். உடம்பெல்லாம் வெல்வெட் துணி. தண்ணி விழுந்தா முத்தாட்டம் உருண்டு ஓடும். முன்னால ரெண்டு கொம்பு, காத்தைத் தடவித் தடவிப் பாக்குது.

"ஐயோ தாயே, இதைச் செஞ்ச கை எந்தக் கை!"ன்னு வீராயி வாயைப் பொத்திக்கிட்டா.

நாத்தனா பாக்கியம் எட்டிப் பாத்து, "என்ன அண்ணி, புழுவுக்குத் தாலாட்டா? பாடு, நான் தொட்டில் கட்டுறேன்"னு சிரிச்சா.

ஆனா வெயில் ஏற ஏற, புழு சுருங்கி வாடுச்சு. அதோட தோல்ல இருக்கிற மூச்சுத் துளைகளை அதால மூடிக்க முடியாது. காத்து காஞ்சா அதுவும் காஞ்சிடும். ஈரம்தான் அதுக்கு வீடு. வீராயிக்குப் புரிஞ்சு போச்சு. வெயில்லயே சாகும், தப்பினா சாயங்காலம் நெருப்புல சாகும். கொண்டுவந்தவ இவ.

முதல்ல தண்ணி ஊத்திப் பாத்தா. சுர்ருன்னு வெயில் குடிச்சிடுச்சு.

அப்புறம் ஒரு இலையால அள்ளிக் காட்டுல விடலாம்னு கையை நீட்டினா. அப்போ, பீச்ச்! வாயோட ரெண்டு பக்கமிருந்தும் ரெண்டு பசைநூல் வளைஞ்சு வளைஞ்சு பறந்து அவ விரலைப் பின்னிடுச்சு! இப்படித்தான் அது பூச்சியை வலை வீசிப் பிடிக்கும். அப்புறம் வீணாக்காம, வீசின பசையையும் தின்னுடும். வீராயி கையை இழுத்துக்கிட்டா. அது பயந்து கட்டைப் பொந்துக்குள்ள போயிடுச்சு.

மூணாவதா, எங்கே போச்சுன்னு அந்தப் பொந்துக்குள்ள குனிஞ்சு பாத்தா. அந்தத் தாய் குட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு. முட்டை இல்ல, குட்டி! வெளுப்பா, நூல் மாதிரி, ஆனா கால், கொம்பு, நகம் எல்லாத்தோடயும். ம்... தூங்கிட்டியா? இல்லையா? கேளு.

இந்த வெல்வெட் புழுங்க வம்சம் பெரிசு. ஒரு தேசத்துல நீலமா, ஒரு தேசத்துல செம்மண் நிறமா இருக்கும். சிலது முட்டை இடும், சிலது நம்மள மாதிரியே வயித்துல வச்சு ஊட்டி வளர்க்கும். ஒரு கூட்டத்துல தலைவி தின்னு முடிச்சாத்தான் மத்ததுக்குச் சாப்பாடு. டைனோசருக்கு எவ்வளவோ காலம் முன்னாடி, இதோட முன்னோருங்க கடலுக்கடியில நடந்தாங்க. அவ்வளவு காலம் தாண்டி வந்த உயிர், ஒரு நேர்ச்சைக் கட்டையில முடியணுமா?

வீராயி எழுந்து கட்டையைத் தலையில வச்சுக்கிட்டு, காட்டுப் பக்கம் நடந்தா.

பண்டாரம் ஓடி வந்தாரு. "நில்லு! கயிறு கட்டினது அம்மனோடது. எடுத்தா உன் புருஷன் காலு என்னாகும்?"

அவ கட்டையைக் கீழே இறக்கி வச்சா. ஆனாலும் கேட்டா: "சாமி, பிள்ளை பெத்த வீட்டாரை நீங்க கோயிலுக்குள்ள விடுவீங்களா?"

"தீட்டு கழியற வரைக்கும் எப்படி விடுவேன்?"

"இது இப்போ பிள்ளை பெத்த வீடு. குனிஞ்சு பாருங்க."

பண்டாரம் குனிஞ்சாரு. ரொம்ப நேரம் நிமிரவே இல்ல. அப்புறம் மெதுவா அவர் கையாலேயே கயிறை அவுத்து, "போ தாயி, வெயில் படாம போ"ன்னாரு. யாரைத் தாயின்னாருன்னு பாக்கியத்துக்குப் புரியல. ஆனா அவளும் முந்தானையைக் கட்டை மேல விரிச்சா.

அப்போ பின்னால டொக்கு டொக்கு. சன்னாசி. "எனக்காகத்தானே தூக்கி வந்தே? திருப்பி வைக்க என் காலும் வரட்டும்"னான். கோலைப் போட்டுட்டு ஒரு முனையைத் தோள்ல தாங்கினான். ரெண்டு பேரும் நொண்டி நொண்டிப் போயி, நிழல்ல, அதே பள்ளத்துல, அதே பக்கம் கீழே இருக்கிற மாதிரி கட்டையைப் படுக்க வச்சாங்க. உள்ளே ஏதோ மெத்துன்னு நகர்ந்துச்சு. சன்னாசி கும்பிட்டான். வீராயி கும்பிடக்கூட மறந்து பாத்துக்கிட்டே நின்னா.

கதை அடங்கிடுச்சு, தூக்கம் வாசல்ல நிக்குது. அது கொஞ்சம் நிக்கட்டும். கொல்லையில மக்கின கட்டையெல்லாம் உங்கப்பா குவிச்சு வச்சிருக்காரு, விடிஞ்சதும் கொளுத்தப் போறாரு. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு படுத்துடாதே, ராசாத்தி. அவரு இன்னும் தூங்கல. எழுந்து, இப்பவே, இன்னிக்கே ஓடிப் போய்ச் சொல்லு: "அப்பா, கொளுத்தாதீங்க, உள்ளே யாரு இருக்காங்கன்னு முதல்ல பாக்கணும்." சொல்லிட்டு வந்து தூங்கு.