குதிகால் விளிம்பு

குல்மார்க்கில் இரண்டு நாளாக விடாமல் பெய்த பனி ஓய்ந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பொன்னுரங்கம் தன் பழைய பனிச்சறுக்குப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு குருவின் கடைக்கு வந்தார். சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தொன்று.

குருவின் பெயர் ஜெபக்கனி. தூத்துக்குடிக்காரி. பத்தொன்பது வயதில் இரண்டு வாரப் பயிற்சிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. இப்போது பனிச்சறுக்குப் பலகைக் கடை வைத்து, ஓட்டவும் கற்றுத்தருகிறாள். உப்பளத்துப் பக்கம் பிறந்தவளுக்கு வெள்ளை மேடு என்ன புதுசா என்று கேட்பாள். எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

"வாங்க அண்ணாச்சி. என்ன, முகமே சரியில்ல?"

"நாளைக்குக் காலையில மேல போறமுங்க மாஸ்டர். அதுக்கு ஒரு பலகை வேணும். உருளை ஓட்டித் தட்டையாக்காத பனியில இறங்கணும், வேகமா இறங்கணும். திரும்பறப்ப வழுக்கக் கூடாது. விளிம்பு பனியை வெட்டிட்டுப் போகணும். எத எடுக்கட்டுமுங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கூடவே ஒரு வெர்னியர் காலிப்பரும் வந்தது. கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். பெண் பார்க்கப் போனபோதுகூட அதைப் பையில் வைத்திருந்தார் என்று அவர் மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிப்பதுண்டு.

"நீளம் நூத்தி அறுவத்திரண்டு சென்டிமீட்டர். நல்ல விறைப்பு. நடுவுல வில்லாட்டம் தூக்கியிருக்கணும். என்ர பூட்ஸ் பெருசு. நடு அகலம் இருபத்தாறுக்குக் கொறைஞ்சா, சாயறப்ப பூட்ஸ் நுனி பனியில உரசும். சரிதானுங்களே?"

"எல்லாம் சரிதான்."

"அப்புறம் ஏனுங்க ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது?"

மாஸ்டர் அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"இம்புட்டு வேகம் எதுக்கு அண்ணாச்சி? இந்த வயசுல யாரை முந்தப் போறீய?"

"ஆரையும் முந்தறதுக்கு இல்லீங்க. போய்ச் சேர்றதுக்கு."

அவருக்கு ஒரே மகள். நிறைமதி. இருபத்திரண்டு வயது. பனிச்சறுக்கு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. மேல்சரிவில் பாதை கிடையாது, கொடி கிடையாது. தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். இருவராகத்தான் போகவேண்டும். முன்னால் போகிறவர் விழுந்தால் பின்னால் வருகிறவர்தான் தூக்கவேண்டும், வேறு நாதியில்லை. மகள் தனியாகப் போகக் கூடாது என்பதற்காகவே பொன்னுரங்கம் நாற்பத்தெட்டாவது வயதில் இதைக் கற்றுக்கொள்ள வந்தார். ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. இன்றைக்கும் அவருக்குக் குளிர் பிடிக்காது.

"போன வருசம் காட்டுப் பக்கமா இறங்குனமுங்க. அவ முன்னால, நான் பின்னால. ஒரு தேவதாரு மரத்தைச் சுத்தி மெத்துமெத்துன்னு பனி குழியாட்டம் இருந்துருக்கு. அதுல தலைகீழா விழுந்துட்டா. கால் ரெண்டும் பலகையோட மேல நிக்குது. தலை உள்ள."

"நீங்க எங்க நின்னீய?"

"மேலதானுங்க. விழுந்தத கண்ணால பார்த்தேன். விழுந்த நொடியில இருந்து கண்ண எடுக்கல. எறங்கி வர்றதுக்குப் பதினோரு நிமிசம் ஆச்சு."

அவர் காலிப்பரைத் திறந்து மூடினார். மறுபடி திறந்தார்.

"விழறப்ப ஒரு கைய மூஞ்சிக்கு முன்னால வச்சிருக்கா. அந்த எடத்துல இருந்த காத்துதான் காப்பாத்துச்சு. கை மட்டும் அப்படி இல்லாம இருந்துருந்தா..." அவர் காலிப்பரை மூடினார். "அவங்கம்மாகிட்ட இன்னும் சொல்லலீங்க."

"நாளைக்கு வேண்டாம்னு மதிகிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னனுங்க. நீங்க வரலீன்னா வேற ஆரையாச்சும் கூட்டிட்டுப் போறேங்கறா. அவங்க இவளப் பார்ப்பாங்களா, பார்க்க மாட்டாங்களா, ஆரு கண்டா? காலையில எட்டரைக்கு மொத கேபிள் கார். அதுக்குள்ள எனக்கு ஒரு பலகை வேணுமுங்க மாஸ்டர். பதினோரு நிமிசம் ரெண்டு நிமிசமா ஆகோணும்."

மாஸ்டர் அவருடைய பழைய பலகையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தாள். பலகையின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய எஃகு விளிம்பு ஓடும். அதன்மேல் ஆள் பக்கவாட்டில் நிற்பதால், ஒன்று கால்விரல் பக்கத்து விளிம்பு, மற்றது குதிகால் பக்கத்து விளிம்பு. மாறி மாறி இரண்டிலும் சாய்ந்துதான் திரும்பவேண்டும்.

"கட்டைவிரலைக் குடுங்க."

அவர் நகத்தைக் கால்விரல் பக்கத்து விளிம்பின் குறுக்கே வைத்து இழுத்தாள். நகத்திலிருந்து வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது.

"சீவுதா?"

"சீவுதுங்க. புதுசாட்டம் இருக்குது."

குதிகால் பக்கத்து விளிம்பில் இழுத்தாள்.

"இது?"

"வழுக்குதுங்க." அவர் காலிப்பரை வைத்து அளந்தார். "அந்தப் பக்கத்தைக் காட்டிலும் முக்கால் மில்லி தேய்ஞ்சிருக்குது. மழுங்கிப்போச்சு. அதனாலதானுங்க புதுசு கேட்கறேன்."

மாஸ்டர் பழைய பலகையையும் கையில் எடுத்துக்கொண்டாள். சுவரிலிருந்து மூன்று பலகைகளை இறக்கினாள்.

பயிற்சிச் சரிவில் உருளை ஓடிப் பனி தட்டையாக இருந்தது. நிறைமதியும் அங்கேதான் சறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையாட்டினாள். ஒருதரம் வேண்டுமென்றே குட்டிக்கரணம் போடப்போவதுபோல் போக்குக் காட்டினாள். பொன்னுரங்கம் கையிலிருந்த பலகையைப் போட்டுவிட்டு இரண்டடி முன்னால் ஓடினார்.

மாஸ்டர் கீழே கைக்கடிகாரத்துடன் நின்றாள்.

முதல் பலகையில் இறங்கி வந்தார். "இது வேகத்துல நடுங்குதுங்க."

இரண்டாவதில் வந்தார். "இது நல்ல விறைப்பு. ஆனா நான் சொல்றதக் கேட்க மாட்டேங்குது."

மூன்றாவதில் வந்தார். அதுதான் அவர் தாளில் எழுதி வைத்திருந்த அளவுப் பலகை. நீளம், விறைப்பு, வளைவு எல்லாம் அச்சாகப் பொருந்தியது. மூச்சு வாங்க நின்றார்.

"இது நல்லாத்தான் இருக்குது. ஆனா வேகம் வரலீங்க மாஸ்டர். ஏன் வரல?"

"உங்க தடத்தைப் பாருங்க."

சரிவில் மூன்று தடங்களும் அருகருகே கிடந்தன. விளிம்பு பனியை வெட்டிப் போயிருந்தால் தடம் நூல் பிடித்ததுபோல் ஒற்றைக் கோடாக இருக்கும். இவர் தடம் துடைப்பத்தால் இழுத்ததுபோல் அகலமாகக் கிடந்தது. இடப்பக்கம் கொஞ்சம் தேய்த்து, நின்று, வலப்பக்கம் கொஞ்சம் தேய்த்து. முழுக்கக் குதிகாலில். கால்விரல் பக்கம் சாய்ந்த அடையாளம் மூன்றிலும் ஓரிடத்திலும் இல்லை. பொன்னுரங்கம் மண்டியிட்டுக் காலிப்பரை வைத்தார். அதன் வாயை முழுசாகத் திறந்தும் தடத்தின் அகலத்துக்குப் பத்தவில்லை.

"பலகை மாறியும் தடம் மாறலீங்களே."

"ஆமா."

"எனக்கு வயசாயிருச்சுங்களா?"

"அதுவும் ஆயிருச்சுதான்."

அவரால் சிரிக்க முடியவில்லை. மேலே நிமிர்ந்து மலையைப் பார்த்தார். மேல்சரிவு வெயிலில் பளபளத்தது. நாளைக்கு இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ? எந்தப் பலகையும் உதவாது என்றால் மகளிடம் என்ன சொல்வது? வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்றா?

மாஸ்டர் குரல் கொடுத்தாள். "மதி! கடைக்குப் போயி பலகைக்குத் தேய்க்கிற மெழுகுப் பெட்டியை எடுத்துட்டு வாம்மா. மேல் தட்டுல இருக்கும். இல்லன்னா நல்லாத் தேடிப் பாரு."

நிறைமதி பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். கடைக்கதவு சாத்தியது. சரிவில் யாரும் இல்லை.

"இப்ப உங்க பழைய பலகையில ஒருதடவ போய்ட்டு வாங்க."

"அது மழுங்குனதுங்களே மாஸ்டர். இருக்கற நேரமே கொஞ்சந்தான். அத எதுக்கு..."

"போங்க அண்ணாச்சி."

அவர் வேண்டாவெறுப்பாக ஏறினார். பூட்ஸைப் பலகையில் மாட்டினார். கடைக்கதவை ஒருமுறை பார்த்தார். அது மூடியே இருந்தது. இறங்கினார்.

இந்தமுறை பலகை பனியைச் சுரண்டும் சத்தம் கேட்கவில்லை. காதில் காற்றுதான் இரைந்தது. மாஸ்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அவருக்கு அது உறைக்கவும் இல்லை.

"எவ்வளவு நேரமுங்க?"

"மூணு பலகையிலயும் ஒண்ணேகால் நிமிஷத்துக்குக் குறையல. இப்ப நாப்பது செகண்ட்."

பொன்னுரங்கம் திரும்பித் தடத்தைப் பார்த்தார். கால்விரல் பக்கம் ஒரு நீண்ட வளைவு, பிறகு குதிகால் பக்கம் ஒன்று, மறுபடி கால்விரல் பக்கம். குதிகால் வளைவுகளில் மட்டும் மழுங்கின விளிம்பு கொஞ்சம் இழுபட்டிருந்தது. மற்றபடி ஒற்றைக் கோடு. மண்டியிட்டு அளந்தார். மூன்று சென்டிமீட்டர். நம்பாமல் இன்னோர் இடத்தில் அளந்தார். அங்கேயும் மூன்று.

"இது என்ர தடந்தானுங்களா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

அப்போது கடைக்கதவு திறந்தது. நிறைமதி மெழுகுப் பெட்டியுடன் வெளியே வந்தாள். வாசல் படியில் லேசாகச் சறுக்கிச் சமாளித்துக்கொண்டாள். பொன்னுரங்கத்தின் கையிலிருந்த காலிப்பர் பனியில் விழுந்தது.

"இப்ப எங்க பாக்கீய?" என்றாள் மாஸ்டர்.

"மதி வர்றாளுங்க. படியில..."

அவர் நிறுத்தினார். குனிந்து காலிப்பரை எடுத்தார். எடுத்தவர் உடனே நிமிரவில்லை.

குதிகாலில் சாய்ந்தால் முகம் பள்ளத்தைப் பார்க்கும். மகள் எப்போதும் பள்ளத்தில்தான் இருந்தாள், அவருக்கு முன்னால். கால்விரலில் சாய்ந்தால் நெஞ்சு மலைப்பக்கம் திரும்பிவிடும். முதுகுதான் பள்ளத்துக்கு. கற்றுக்கொண்டதோடு சரி, மகள் முன்னால் இருக்கையில் ஐந்து வருடமாக அவர் அந்தப் பக்கம் சாயவே இல்லை. பலகை தேய்ந்த கணக்கு அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. முக்கால் மில்லி.

காலிப்பரைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"அப்ப எந்தப் பலகைங்க மாஸ்டர்?"

"மதியைப் பாத்துக்கிட்டே இருக்கணும்னா எந்தப் பலகையும் போதும். அவகிட்ட போய்ச் சேரணும்னா, ஒவ்வொரு திருப்பத்துலயும் கொஞ்ச நேரம் அவளுக்கு முதுகைக் காட்டணும்."

நிறைமதி பனியில் கால் புதையப் புதைய ஏறி வந்துகொண்டிருந்தாள். பொன்னுரங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கொஞ்ச நேரத்துல அவ விழுந்துட்டா?"

மாஸ்டர் பையிலிருந்து ஓர் அரத்தை எடுத்தாள். அவருடைய பழைய பலகையைத் திருப்பிக் குதிகால் பக்கத்து விளிம்பில் அதை வைத்தாள்.

"விழலாம் அண்ணாச்சி. போன வருஷம் நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதுதான விழுந்தா."