பச்சைப் பட்டை

உப்பங்கழிக் கரை மடத்தில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்தைந்து. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு நேரே சீடர் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய், "என்னை இல்லீங்க, அம்மா அங்க இருக்காங்க" என்று கிணற்றடியைக் காட்டுவார். அங்கே நீலாயதாட்சி அம்மா துணி துவைத்துக்கொண்டிருப்பார்.

சீடரின் பெயர் அமிர்தகடேசன். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். மனைவி காலமான பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வண்டியை விட்டு இறங்கிப் பல காலம் ஆகியும், வரப்பில் நடக்கும்போது ஆடு குறுக்கே வந்தால் வலது கை தானாக ஹாரனைத் தேடும்.

அம்மா எதிரே வந்தால் எழுந்து நின்றுவிடுவார். மடத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. டெப்போவில் மேலதிகாரிகளைக் கண்டு எழுந்து பழகிய உடம்பு அது.

"இதெல்லாம் வேண்டாம், உக்காருங்க ஐயா" என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

"குரு வந்தா சீடன் எழுந்து நிக்கணும்மா. அதுல மட்டும் நீங்க தலையிடக் கூடாது" என்பார்.

அம்மாவும் தலையிடுவதை விட்டுவிட்டார்.

குளிர்காலத்தில் கழி முழுக்கப் பறவைகளாக இருக்கும். அமிர்தகடேசனுக்கு அத்தனையிலும் ஒன்றின் மேல்தான் உயிர். அது ஒரு கொசு உள்ளான். பெயருக்கு ஏற்ற உடம்பு, கையில் வைத்தால் எலுமிச்சம்பழத்தின் கனம்கூடத் தெரியாது. வடக்கே பனி மூடிய தேசத்திலிருந்து இவ்வளவு தூரம் வருகிறது என்று சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் பறவை ஆய்வாளர்கள் கழியில் வலை கட்டிப் பறவைகளைப் பிடித்தார்கள். காலில் பச்சைப் பட்டை மாட்டினார்கள். ஒவ்வொரு பட்டையிலும் வேறு வேறு எழுத்து. ஒரு பறவையை அமிர்தகடேசன் கையில் கொடுத்து, நீங்களே பறக்கவிடுங்கள் என்றார்கள். அவர் விரல்களைத் திறந்தார். அது உடனே பறக்கவில்லை. ஒரு கணம் உள்ளங்கையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனது. அந்த ஒரு கணத்தில் மனிதர் மனதைப் பறிகொடுத்துவிட்டார்.

அதன் பிறகு வருடா வருடம் அந்தப் பட்டையைத் தேடிக் கண்டுபிடிப்பது அவர் வேலையாயிற்று. கண்ணில் பட்ட அன்று, மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மாதிரி, "வந்துட்டாம்மா!" என்று வாசலிலிருந்தே கத்துவார்.

இந்த வருடம் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவருடைய கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருந்தது. ஓரத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை, நடுவில் இருப்பதும் புகைக்குள் இருப்பது போலத் தெரிந்தது. தூரக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒரு பறவையைக் கண்ணில் பிடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும். போன பார்வை திரும்பாது, மீதி இருப்பதும் அடுத்த குளிர்காலம் வரை நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குள் ஒரே ஒரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும். அமிர்தகடேசன் கேட்டது அவ்வளவுதான்.

மாசி முடியப்போகிற நேரம். வாடைக்காற்று ஓய்ந்து, தெற்கிலிருந்து சோழகம் வீசத் தொடங்கியது. பறவைகள் வடக்கே கிளம்பும் காலம் அது. போகிற வழியில் வயிற்றுக்கு என்ன கிடைக்குமோ, அதனால் பொழுது விடிந்ததிலிருந்து சேற்றைக் குத்திக் குத்தித் தின்று உடம்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டிருந்தன.

அமிர்தகடேசனும் பொழுது விடிந்ததும் சேற்றில் இறங்கினார். ஒருநாள் உச்சிவெயிலில் முழங்கால் வரை சேறோடு மடத்துக்குத் திரும்பினார்.

"பார்த்தீங்களா ஐயா?" என்று அம்மா கேட்டார்.

"எங்கம்மா? கிட்ட போனா மொத்தக் கூட்டமும் எழும்பிடுது. தள்ளிப் போய் உக்காருது. நானும் அங்க போறேன். மறுபடி எழும்புது. காலையிலேர்ந்து இதே கதைதான்."

"எதுக்கு எழும்புது?"

"அதான் எனக்கும் புரியலை. நான் என்ன கல்லா எடுத்து எறிஞ்சேன்? பார்க்கணும்னு ஆசை. கிட்ட போய்ப் பார்த்தேன், அவ்வளவுதான்."

அம்மா அவர் காலில் இருந்த சேற்றைப் பார்த்தார்.

"கை கால் கழுவிட்டு வாங்க. பசியோட இருப்பீங்க."

அன்று வத்தக்குழம்பு. அமிர்தகடேசனுக்கு அது இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். இலையில் சூடான சாதத்தைக் குழி பறித்துக் குழம்பை ஊற்றி, பிசைந்து, முதல் கவளத்தை உருட்டினார். அம்மா உள்ளே வந்தார்.

அவர் எழுந்து நின்றார்.

அம்மா பக்கத்தில் வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வெளியே போனார். அமிர்தகடேசன் உட்கார்ந்தார். கவளத்தை வாயருகே கொண்டுபோனபோது அம்மா மறுபடியும் வந்தார். அவர் மறுபடியும் எழுந்தார். அம்மா பார்த்தார், போனார்.

மூன்றாம் முறை ஒரு வாய் உள்ளே போயிற்று. அப்பளத்தை நொறுக்குவதற்குள் வாசலில் நிழல் தெரிந்தது. பிசைந்த கையோடு எழுந்தார். பிறகு அம்மா பின்வாசல் வழியாக வந்தார். பிறகு ஜன்னல் பக்கமாக வந்து நின்றார். அதற்கும் எழுந்தார். முழங்கால் இரண்டும் கெஞ்சின. குழம்புச் சாதம் ஆறி இறுகிப்போயிற்று. குருவாயிற்றே என்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவருக்குக் கடைசியில் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா வேணும் உங்களுக்கு? மனுஷன் ஒரு வாய் நிம்மதியா சாப்பிட வேண்டாமா? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"தப்பா? ஒண்ணும் இல்லையே ஐயா" என்றார் அம்மா. "பார்க்கணும்னு ஆசை. கிட்ட வந்து பார்த்தேன், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவர் வரவில்லை.

அமிர்தகடேசன் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எத்தனை தடவை அந்தக் கூட்டத்தை எழுப்பினோம் என்று யோசித்தார். கணக்கு வரவில்லை. கை காய்ந்துபோயிற்று.

சாயங்காலம் அம்மாவைத் தேடிக் கிணற்றடிக்குப் போய் நின்றார்.

"புரிஞ்சுதும்மா. ஆனா அதுங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கு. எனக்கு இல்லையே."

"ஆமா ஐயா."

அம்மா ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். அந்த "ஆமா" நெஞ்சில் குத்தியது.

"நீங்க கண்ணாடி வெச்சுப் பார்த்து, இருக்கான்னு சொல்லலாம். ஆனா அது நீங்க பார்த்ததா ஆயிடும். நான் பார்த்ததா ஆகாது."

"ஆகாதுதான்."

"அப்ப நான் என்னதாம்மா பண்றது?"

"நாளைக்குச் சேத்துல இறங்காதீங்க. கரை மேல உக்காருங்க. நானும் வர்றேன்."

மறுநாள் கரையில் தாழம்புதர் ஓரமாக அமிர்தகடேசன் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கழி ஒரு வெள்ளைப் பரப்பு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வந்தார். அமிர்தகடேசன் எழப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்தால் கூட்டம் எழும்பிவிடும். மடத்துக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு முன்னால் அவர் எழாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலைம்மா."

"பறவைங்க என்ன பண்ணுது?"

"சாப்பிடுது."

"ஒண்ணும் தெரியலைன்னீங்க?"

"எழும்பின சத்தம் கேக்கலையே. அப்ப சாப்பிட்டுட்டுதான் இருக்கும்."

அம்மா தலையை ஆட்டினார். வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களிலும் அமிர்தகடேசன் கரையிலேயே உட்கார்ந்தார். மனம் ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நேரம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மாட்டிக்கொள்வார்.

ஒருநாள் பிற்பகல் பெரிய கேமராக்களோடு இரண்டு பேர் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். ஏற்கெனவே பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டிருந்தார்கள். அமிர்தகடேசன் கரையிறக்கத்தில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"தம்பி, இறங்காதீங்க."

"ஏன் சார், தடை எதுவும் இருக்கா?"

"தடையெல்லாம் இல்லை. பந்தி நடக்குது. எல்லாரும் இலையில உக்காந்திருக்காங்க. இப்பப் போய் எழுப்பக் கூடாது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மூத்தவர் நல்ல மனிதர். அமிர்தகடேசன் கழுத்தில் தொங்கிய தூரக்கண்ணாடியைக் கவனித்துவிட்டு, "சார், நீங்களும் பறவை பார்க்கிற ஆளா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு பார்க்கணும். கால்ல பச்சைப் பட்டை போட்டது. கண்ணுதான் இடம் கொடுக்கலை."

"அட, இவ்வளவுதானா? எங்களோட வாங்க சார். கொஞ்சம் கிட்ட போனாப் போதும். பட்டையில இருக்கிற எழுத்துகூட இந்தத் திரையில பெருசாத் தெரியும். நீங்க திரையை மூக்குகிட்ட வெச்சே பார்க்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அமிர்தகடேசன் அந்தத் திரையைப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று இருந்தது. இத்தனை நாள் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. தாழம்புதர் நிழலில் அம்மா உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தால் அம்மா ஏதாவது சைகை காட்டக்கூடும். அவர் திரும்பவில்லை.

"வேண்டாம் தம்பி" என்றார். "அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்."

விரித்த கையை அவர் மடக்கவில்லை. அவர்கள் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, கரையிலிருந்தே நாலு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெயில் தணிந்தது. சோழகம் பலமாக வீசத் தொடங்கியது. கழியில் சத்தம் மாறியது. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்ட கீச்சுக் குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. பிறகு புது மழை கூரையில் இறங்கியது போல ஒரு இரைச்சல்.

"எழும்பிட்டுதா?" என்று பதறினார் அமிர்தகடேசன். "யாரு இறங்கினது?"

"யாரும் இல்லை ஐயா. தானா எழும்புது."

கூட்டம் கழியை ஒருமுறை சுற்றியது. மறுபடியும் சுற்றியது. பிறகு கரை மேலாக, அவர் தலைக்கு நேர் மேலே வந்தது. அமிர்தகடேசன் அண்ணாந்து பார்த்தார். சாம்பல் நிற வானத்தில் அதைவிடக் கொஞ்சம் கறுப்பாக எதுவோ நகர்ந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. ஆனால் சிறகுச் சத்தமும் குரல்களும் முகத்தில் படும் அளவுக்குக் கிட்டத்தில் இருந்தன. அவர் தன்னையறியாமல் உள்ளங்கையை விரித்து மேலே நீட்டினார்.

சத்தம் வடக்கே போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு காற்று மட்டும் இருந்தது.

அவர் அழுதார். வாய்விட்டே அழுதார். அம்மா தடுக்கவில்லை. அமிர்தகடேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"அதுல அவ இருந்தாளாம்மா? உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே. பச்சைப் பட்டை தெரிஞ்சுதா?"

அம்மா வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க பஸ் ஓட்டினப்ப, கண்டக்டர் விசில் கொடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"வண்டியை எடுப்பேன்."

"யார் யார் ஏறியிருக்காங்கன்னு திரும்பிப் பார்த்துட்டா எடுப்பீங்க?"

"அதெப்படிம்மா முடியும்? ரோட்டைத்தானே பார்க்கணும்."

"முப்பது வருஷமா உங்க முதுகுக்குப் பின்னால உக்காந்து வந்தவங்கள்ல எத்தனை பேர் முகம் உங்களுக்குத் தெரியும்?"

அமிர்தகடேசனும் வடக்கே திரும்பினார்.

"நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தாங்களா, இல்லையா?" என்றார் அம்மா.