மிச்சமிருந்த துறைமுகம்

தூத்துக்குடியில் ஒரு கம்பெனி, பழங்காலத் துறைமுகங்களை வைத்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்கு ஒரு சரக்கு. சுற்றுக்குச் சுற்று அந்தச் சரக்குக்குப் போனஸ் பொன்; அந்தப் பொன்னில் தோணிகள் வாங்கி மோத வேண்டும். முதலாளி பொன்னம்பலம் மிளகுக்கு முப்பது வைத்தார், முத்துக்குப் பதினைந்து, உப்புக்கு ஐந்து. பிறகு மிளகைத் தானே எடுத்துக்கொண்டு தினமும் ஜெயித்தார்.

கூட ஆடிய கம்பெனி ஆட்களெல்லாம் குறை சொன்னார்கள். புதிதாய் வேலைக்கு வந்த ஜெபசீலியை அவர் எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

“இந்தாம்மா, சாயங்காலத்துக்குள்ள ஒருத்தரும் குறை சொல்லக் கூடாது. ஆனா என் நம்பர்ல நீ கை வைக்கக் கூடாது. முடியலன்னா நாளைக்கு வர வேண்டாம்.”

“சரி சார். நம்பரெல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“தராசு மாதிரி இருக்கு. எந்தத் துறைமுகத்தை எடுத்தாலும் ஜெயிக்கலாம்.”

“அப்ப ஒரே ஒரு விதி சேர்த்துக்கிறேன் சார். நம்பர் வச்சவங்க கடைசியா எடுக்கணும்.”

சொன்ன வாயால் மறுக்க முடியுமா? மிளகை டிரைவர் அந்தோணி எடுத்தார், முத்தைக் கணக்கர் எடுத்தார். உப்போடு உட்கார்ந்த முதலாளிக்கு நாலாவது சுற்றில் ஒரு தோணிகூட மிஞ்சவில்லை.

“உப்பு கரிக்குதா சார்?” என்றார் அந்தோணி.

முதலாளி உப்பை இருபதாக்கினார். அடுத்த ஆட்டத்தில் அவருக்கு முத்து மிஞ்சியது, முத்துக்கும் பொன்னைக் கூட்டினார். அப்புறமும் தோற்று, முணுமுணுத்துக்கொண்டே மிளகைக் குறைத்தார். சாயங்காலம் யாருக்கு எந்தத் துறைமுகம் கிடைத்தாலும் சண்டை பிரமாதமாக இருந்தது; ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

ஜெபசீலி ஒரு நம்பரிலும் கை வைக்கவில்லை. மறுநாள் காலையில் நேரத்துக்கு வேலைக்கு வந்தாள்.