அடிவரைக்கும் சரிபார்த்த தக்காளித் தொக்கு

வேலம்பாளையத்தில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. விவசாயி காலையில் எதைக் கொண்டுவந்து இறக்கினாலும் சாயங்காலத்துக்குள் பாட்டிலில் அடைத்துக் கொடுப்பார்கள். நேற்று நெல்லிக்காய் ஜாம், இன்று மிளகாய்த்தூள். மயில்சாமி, தங்கவேலு, சென்னிமலை மூவரும் அதில் கூட்டாளிகள். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. வம்பே அதுதான்.

பழனாத்தா அக்காவின் தக்காளியை அந்த வாரம் சந்தையில் சீந்துவாரில்லை. தாராபுரத்துக் கடைக்காரர் ஒருவர், தொக்காக்கி வெள்ளிக்கிழமை கொண்டுவந்தால், பிடித்திருந்தால் வாராவாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது தவறினால் மிச்சமும் செடியிலேயே அழுக வேண்டியதுதான்.

தக்காளியைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, கையெடுக்காமல் கிளறச் சொன்னார் அக்கா. மூவரும் ஒரே கரண்டியைப் பிடித்தார்கள், எடுக்கவே இல்லை. உப்புப் பொட்டலத்தை மயில்சாமி பல்லால் கிழித்தார். அடுப்பைச் சென்னிமலை கால் கட்டைவிரலால் அணைத்தார். ஆனாலும் தொக்கு என்னவோ அருமையாக வந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கைக்கு அடக்கமாக நாற்பது பாட்டில். வெள்ளிக்கிழமை காலையில் அக்கா, "ஒரு பாட்டில் விடாம சரிபாத்து வைங்க. அடிவரைக்கும் நல்லா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு டெம்போ பிடிக்கப் போனார்.

தங்கவேலு ஒன்றைத் திறந்து, மேலாக நக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். சென்னிமலைக்குத் திருப்தியில்லை.

"கிணத்துலகூட மேல தெளிவாத்தான் இருக்கும், அடியில சேறு. அடியைப் பாக்கோணுமல்லோ?"

"அடியை எப்படிங்க பாக்கறது?"

"மேல இருக்கறதைக் காலி பண்ணினாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

மயில்சாமி இட்லி வாங்கப் போனார்.

அக்கா திரும்பியபோது முப்பத்தொன்பது காலிப் பாட்டில்கள் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. நிரம்பியிருந்தது ஒன்றே ஒன்று. தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், அழுதுகொண்டே அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு டெம்போவில் ஏறினார். அதை இன்னும் பார்க்கவில்லையே என்று மூவரும் பதறிப்போய்ப் பின்னால் தொற்றிக்கொண்டார்கள்.

கடைக்காரர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்பூன் தேடுவதற்குள் மூன்று கைகள் பாட்டிலுக்குள் போய்விட்டன. விரலைச் சூப்பி, பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டி, இதுவும் நன்றாக இருக்கிறது என்று அவரிடம் நீட்டினார்கள். அவர் காலிப் பாட்டிலையும் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய மனிதர்கள் மூன்று பேர் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்றால் சாமானியத் தொக்கா? அடுத்த வாரத்துக்கு இருநூறு பாட்டில் கேட்டார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் மறுபடி அழுகை வந்தது.

திரும்பும் வழியில் மூவரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். என்ன விஷயம் என்று அக்கா கேட்டார்.

"நாப்பதுக்கே நாங்க மூணு பேரு திணறிப் போயிட்டோம்" என்றார் சென்னிமலை. "இருநூறைச் சரிபாக்கோணும்னா இன்னும் பன்னெண்டு பேரை வேலைக்கு வெக்கோணுங்கக்கா."